மாணவர் குழுவை நடத்த விரிவுரையாளருக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேரும்போது, அவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் மூத்த மாணவர் ஒருவரையும் விரிவுரையாளர் ஒருவரையும் பொறுப்பாக்கும் வழக்கம் பல துறைகளில் இருக்கிறது. மூத்த மாணவருக்காவது ஒரு நாளோ அரை நாளோ பயிற்சி கிடைத்துவிடும். விரிவுரையாளருக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு நியமனக் கடிதமும் ஒரு பெயர்ப் பட்டியலும்தான். பாடம் நடத்தத் தெரிந்தவருக்குக் குழுவை நடத்தவும் தானாகவே தெரிந்திருக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். விரிவுரையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த எண்ணத்தை நம் பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இந்தச் சக மாணவர் வழிகாட்டிக் குழு எதற்காக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்தோ கூலிமிலிருந்தோ கோலாலம்பூருக்கு வரும் ஒரு மாணவி, தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய் வழிப் படித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம் அல்லது மெட்ரிகுலேஷன் படிப்பை முடித்து, ஆங்கிலப் பாடநூல்களோடு விரிவுரை மண்டபத்தில் வந்து உட்காருகிறார். எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் பதிவு செய்வது, பி.டி.பி.டி.என் எனப்படும் அரசு உயர்கல்விக் கடனுக்கான விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது, விரிவுரையில் பாதி புரியாதபோது யாரிடம் குறிப்பு வாங்குவது, முதல் பருவத்தில் ஒரு பாடம் தோற்றுப்போனால் அடுத்து என்ன ஆகும் என்பவையே அவருடைய கேள்விகள். இவற்றை அவர் விரிவுரையாளரிடம் கேட்கமாட்டார். சென்ற ஆண்டு இதே தடுமாற்றத்தைத் தாண்டி வந்த அக்காவிடமும் அண்ணனிடமும்தான் கேட்பார். ஆகவே, குழுவின் பலம் மாணவர்களுக்கு இடையில்தான் இருக்கிறது. விரிவுரையாளர் வாயைத் திறந்து பத்து நிமிடம் விளக்கம் கொடுத்துவிட்டால் அந்தப் பலம் கரைந்து, குழு இன்னொரு டியூட்டோரியல் வகுப்பாகிவிடும்.

நம் தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது இன்னும் கூடுதலாகவே நடக்கிறது. ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் எழுந்து நின்று வணக்கம் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். அந்த மரியாதையை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் விரிவுரையாளரே அமர்ந்து, “எல்லாம் ஓகேவா? ஏதாவது பிரச்சனை இருக்கா?” என்று கேட்டால், “இல்லைங்க சார்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. இரண்டு நொடி மௌனத்தைக்கூடப் பொறுக்க முடியாத விரிவுரையாளர், “சரி, அப்போ நான் சொல்றேன்” என்று தொடங்கிவிடுவார். கூட்டம் நன்றாக நடந்ததாக அறிக்கையும் எழுதப்பட்டுவிடும்.

இந்த மௌனத்தைப் பற்றி ஓர் ஆய்வே உண்டு. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டபின் சராசரியாக ஏறக்குறைய 1 நொடி மட்டுமே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எடுத்துக்காட்டினார். 3 நொடியோ அதற்கு மேலோ காத்திருந்த வகுப்புகளில் மாணவர்களின் பதில்கள் நீண்டன. கேட்காமலே பேச முன்வந்தவர்களும் கூடினர். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த 3 நொடி, இருபது ஆண்டுகளாக மேடையில் நின்று பேசியே பழகிய ஒருவருக்கு மிகக் கடினமானது. சொல்லிக் கொடுத்தால் மட்டும் வராது. ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கவனித்து, கூட்டம் முடிந்தபின், “ஒரு மணி நேரத்தில் நீங்கள் இத்தனை நிமிடம் பேசினீர்கள், அந்த ஓரத்து மாணவர் ஒருமுறைகூடப் பேசவில்லை” என்று கணக்கைக் காட்டினால்தான் மனத்தில் பதியும்.

அமெரிக்காவின் மிசூரி-கேன்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைக் கற்பித்தல் முறை, இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. அங்கே பின்தங்கிய மாணவர்களைத் தேடிப் பிடித்துத் தனியே உட்கார வைப்பதில்லை. பலர் தோற்கும் கடினமான பாடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் படிக்கும் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்தார்கள். பலவீனமானவன் என்ற முத்திரை யார்மீதும் விழவில்லை. அந்தப் பாடத்தில் முன்பே நன்றாகத் தேறிய மாணவர் மீண்டும் விரிவுரைகளுக்குச் சென்று அமர்ந்து, பிறகு குழுவை நடத்துவார். ஆனால், பாடத்தைத் திரும்ப நடத்தமாட்டார். அவரிடம் வரும் கேள்வியைக் குழுவிடமே திருப்பிவிடுவார். அவருக்குப் பயிற்சியளித்து, குறிப்பாகத் தொடக்க வாரங்களில் கூட்டங்களில் வந்து அமர்ந்து கவனிக்க ஒரு மேற்பார்வையாளரும் உண்டு. பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவிய இந்த முறையை நம்மவர்கள் எடுத்தாளும்போது மாணவர் தலைவரை மட்டும் எடுத்துக்கொண்டு, மேற்பார்வையாளரின் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

சரி, விரிவுரையாளருக்கு எப்படிப் பயிற்சி அளிப்பது? விடுதி மண்டபத்தில் பதாகை கட்டி, காலையில் திறப்புரை, பிற்பகலில் சிலைடு, மாலையில் சான்றிதழும் குழுப் படமும் என்று முடிகிற ஒருநாள் பயிலரங்கு இதற்கு உதவாது. (அந்தக் குழுப் படத்துக்குச் செலவாகும் நேரத்தில் ஓர் ஒத்திகையே நடத்திவிடலாம்.) குழுவை நடத்தப் போகிறவர் முதலில் ஒரு குழுவில் உறுப்பினராக இருந்து பார்க்க வேண்டும். இலண்டன் தவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் 1950களில் மைக்கேல் பாலிண்ட் தொடங்கிய மருத்துவர் குழுக்கள் அப்படித்தான் இயங்கின. குடும்ப மருத்துவர்கள் தங்கள் மனத்தை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றி மாறி மாறிப் பேசுவார்கள். குழுவின் தலைவர் தீர்வு சொல்லமாட்டார், மற்றவர்களைச் சிந்திக்க வைப்பார். பின்லாந்தில் பள்ளி ஆசிரியர்களுக்காக, புதியவர்களும் அனுபவசாலிகளும் ஒன்றாக அமரும் சக குழு வழிகாட்டல் நாடளாவிய திட்டமாக வளர்ந்துள்ளது. அக்குழுக்களை நடத்துவோருக்கு ஆசிரியர் கல்வி நிறுவனங்களே பயிற்சி தருகின்றன.

நம் விரிவுரையாளர்கள் ஆறேழு பேர், வெவ்வேறு துறைகளிலிருந்து, ஒரு பருவம் முழுவதும் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை கூடட்டும். ஆய்வு மானியம் கிடைக்காத சோர்வு, முனைவர் பட்ட மாணவரோடு ஏற்பட்ட மனத்தாங்கல், வகுப்பில் யாரும் வாய் திறக்காத சிக்கல் என்று தங்கள் சொந்தப் பிரச்சனைகளையே எடுத்து வைக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஒருவர் நெறியாளராக இருக்க, அனுபவமுள்ள ஒருவர் பார்வையாளராக இருக்கட்டும். அறிவுரை கேட்க வராத நேரத்தில் அறிவுரை வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்பது அப்போது அவர்களுக்கே தெரிந்துவிடும். அடுத்த பருவத்தில் மாணவர் குழுவுக்குள் போகும்போது, “போன வருஷம் இந்தப் பேப்பர் எடுத்தவங்க என்ன செஞ்சீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க அவர்களால் முடியும். பருவத்தின் பாதிக்குள் குழுவை மூத்த மாணவரிடம் ஒப்படைத்து, தேவைப்படும்போது மட்டும் வந்து போகும் நிலைக்கு நகர்வதும் இப்பயிற்சியின் பகுதியாக இருக்க வேண்டும்.

இரண்டு எல்லைகளை மட்டும் கண்டிப்பாக வகுக்க வேண்டும். தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் அதே மாணவர்களின் குழுவில் நெறியாளராக அமரக் கூடாது. மதிப்பெண் கொடுக்கும் கை எதிரில் இருக்கும்போது யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். இன்னொன்று, விரிவுரையாளர் ஆலோசகர் அல்லர். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, பதிவு பெற்றவர் மட்டுமே ஆலோசகராகத் தொழில் செய்யலாம். ஒரு மாணவர் தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று குழுவில் சொன்னால், அதை நாலு பேர் முன்னால் கிளறாமல், பதறாமல், தனியே அழைத்துக் கேட்டு, அன்றைக்கே பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்ல நெறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்புவது போதாது. குழுவில் பேசியது குழுவோடு என்ற விதிக்கு, உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு என்பதையும் முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

தமிழ் மாணவர்களுக்கென்று தனிக் குழு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொறியியல் குழுவில் மலாய், சீன நண்பர்களோடு இருப்பதுதான் நல்லது. ஆனால், பத்துப் பேர் கொண்ட குழுவில் தமிழ் மாணவர் ஒருவர் மட்டுமே இருந்தால், அவர் பேசாமலே பருவம் முடிந்துவிட வாய்ப்புண்டு. அந்த மௌனத்தைக் கவனிக்கும் கண்ணும் பயிற்சியால்தான் வரும்.

இதற்கெல்லாம் விரிவுரையாளரின் நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குக் கணக்கும் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளும் மானியங்களும் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் சூழலில், குழுவை நடத்துவதை ‘தொண்டு’ என்று விட்டுவிட்டால், மனம் இளகிய சிலர்மீதே, அதிலும் பெண் விரிவுரையாளர்கள்மீதே, அந்தச் சுமை போய்ச் சேரும். வாரப் பணி நேரத்திலும் ஆண்டு மதிப்பீட்டிலும் இதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அதைச் செய்ய விருப்பமில்லாத பல்கலைக்கழகம் இத்திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

எல்லா வளாகங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. 1956இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறையைக் கொண்டிருக்கும் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், 1969இல் தொடங்கப்பட்ட பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் விருப்பமுள்ள ஒரு குழு விரிவுரையாளர்களைக் கொண்டு ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். உயர்கல்வித் தலைமைத்துவப் பயிற்சிக்கென அமைச்சின் கீழ் இயங்கும் அகெப்ட் கழகம் பார்வையாளர்களைத் தந்து உதவலாம். மாணவர்களை இத்தனை காலமும் வழிநடத்தி வரும் தமிழ்ப் பேரவை போன்ற அமைப்புகளின் மூத்த உறுப்பினர்களையும் திட்டமிடும் மேசைக்கு அழைக்க வேண்டும். முதலாண்டு மாணவருக்கு எது புரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இரு பல்கலைக்கழகங்களிலும் விரிவுரையாளர் பயிற்சிக்குப் பொறுப்பானவர்கள், அடுத்த கல்வியாண்டுக்கு முன் இப்படி ஒரு முயற்சி சாத்தியமா என்பதை இந்தப் பகுதியிலேயே தெரிவித்தால் பெற்றோரும் மாணவரும் பயனடைவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.