ஈரக் குப்பை தினமும், காய்ந்த குப்பை வாரம் ஒரு நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குப்பை வண்டி தினமும் வர வேண்டுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் போதுமா என்று எங்கள் தெருவில் பேச்சு எழுந்தால் லேசில் முடியாது. எல்லாக் குப்பையையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம். ஈரத்துக்கு ஒரு கணக்கு, காய்ந்ததற்கு வேறு கணக்கு வேண்டும்.

மாம்பழக் காலத்தில் சேலத்தில் எந்த வீட்டுக் கூடையைத் திறந்தாலும் மாங்கொட்டையும் தோலும்தான். போன சீசனில் ஒரு முறை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வண்டி வரவில்லை. முதல் நாள் மல்கோவா மணந்த கூடையில், மறுநாள் மூடியைத் தூக்கியதும் பொடி ஈக்கள் முகத்தில் மொய்த்தன. மூன்றாம் நாள் அடியில் தேங்கிய சாற்றில் வெள்ளைப் புழு நெளிந்தது. நம் வெயிலுக்கு ஈ முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். பத்து நாளில் அதுவும் ஈயாகிப் பறக்கும். மாடி போர்ஷனில் குடியிருப்பவர்கள் இதை எங்கே வைத்துக்கொள்வார்கள்? பையைக் கட்டி ராத்திரியில் சாக்கடையோரம் போட்டுவிட்டார்கள். மாடு கிழித்தது போக மிச்சத்தை மழை இழுத்துக்கொண்டு போனது. மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு இப்படித்தான் நாறுகிறது.

காய்ந்த குப்பைக்கு இந்த அவசரமே இல்லை. நாங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு 25 கிலோ அரிசிப் பையைக் கொல்லையில் மாட்டி வைத்திருக்கிறேன், அது நிறைய ஒரு வாரம் ஆகிறது. 2019 ஜனவரியில் வந்த பிளாஸ்டிக் தடையில் பால் கவருக்கு விலக்கு உண்டு. தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் மாதம் 60 கவர் சேரும். நுனியை முழுதாக வெட்டி எடுக்காமல், அலசிக் கவிழ்த்துக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையிலேயே எடுத்துக்கொள்வார்கள். அதே கவரில் ரசம் வண்டல் பட்டுவிட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, அப்புறம் பல்பு, பேட்டரி, காலாவதி மருந்து என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. நாங்களும் பிரிக்கிறோம். ஆனால் எல்லாமே ஒரே நடையில், ஒரே வண்டியில் போவதால், நாலு தெரு தாண்டுவதற்குள் தொட்டி நிறைந்து இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. தூய்மைப் பணியாளரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு இடம் வேண்டுமே. காய்ந்ததை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளுக்கு ஒதுக்கினால் மற்ற நாட்களில் பாரமும் குறையும், கலக்கவும் வழியில்லை. நாப்கினை மட்டும் காகிதத்தில் சுற்றித் தனியாகத் தினமும் கொடுத்துவிட வேண்டும், அது காத்திருக்கிற குப்பை இல்லை.

நேரமும் முக்கியம். ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் கூடையை அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும், குரங்கு வந்து தெரு முழுக்க இறைத்துவிடும். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமையையும் யோசிக்க வேண்டும். கறி, மீன் கழிவு அன்றைக்குத்தான் அதிகம். பணியாளர்களுக்கு வார விடுமுறை கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அதை எல்லோருக்கும் ஞாயிறன்றே கொடுக்காமல் சுழற்சியில் கொடுத்தால், திங்கட்கிழமை காலையில் இரண்டு நாள் மீன் செதிலை அவர்கள் கையால் அள்ள வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேலம்.