பதினேழு கேள்விக்குறிகளுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நம் மைன்கிராஃப்ட் மோடில் (கேமோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நிரல்) போன வாரம் வந்த கோளாறு உங்களுக்கே தெரியும், மறுபடி கிளற வேண்டாம். கடைசிப் புகாரும் நேற்று ராத்திரி தீர்ந்தது. இப்போதுதான் மூச்சு வருகிறது.

விடிய விடியச் சோதித்துப் பார்த்தவர்கள், பழைய பதிப்பைத் தேடி எடுத்துத் தந்தவர்கள், ஒரு கடுஞ்சொல் இல்லாமல் காத்திருந்தவர்கள், அத்தனை பேருக்கும் நன்றி.

ஒரு தங்கையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். "பேர் போட வேண்டாம்ணா" என்று கேட்டுக்கொண்டாள். பத்தாவது படிக்கிறாள். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த அரசு லேப்டாப்பில்தான் மைன்கிராஃப்ட் ஆடுகிறாள். நம் மோடின் செட்டிங் எல்லாம் எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும் 23 வரிகளையும் கோடு போட்ட நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாக மாற்றி ஆடிப் பார்த்து, பக்கத்திலேயே எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) எவ்வளவு என்று குறித்து, நான்கு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எவ்வளவு தூரம் வரை வரைந்து காட்ட வேண்டும் என்று சொல்லும் ரெண்டர் டிஸ்டன்ஸையும் விடவில்லை: 12 வைத்தால் 14 எஃப்பிஎஸ், 6 வைத்தால் 31. கடைசிப் பக்கத்தில், "ஜாவாவுக்கு 3 ஜிபி கொடுத்தேன், முன்னைவிட மோசம்." கேமை ஓட்டுவது ஜாவாதான், ஆனால் அந்த லேப்டாப்பில் இருக்கும் ரேமே 4 ஜிபி. விண்டோஸுக்கு இடமில்லாமல் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் போய் நின்றிருக்கிறது. இந்த எச்சரிக்கையை நான் எங்கேயுமே எழுதி வைக்கவில்லை.

புரியாத வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தேன். பதினேழு.

மைன்கிராஃப்டை வேகமாக்கும் சோடியம் என்ற மோடில் ஒரு செட்டிங்மேல் மவுஸை வைத்தாலே போதும், அது என்ன செய்யும், வேகத்தை எவ்வளவு பாதிக்கும் என்று சொல்லிவிடும். தினமும் அதைப் பார்க்கிறவன் நான். ஆனாலும் கேட்டவர்களிடம் "ஃபைலைத் திறந்து ட்ரூவை ஃபால்ஸ் ஆக்குங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த பதிப்பில் செட்டிங் எல்லாம் கேமுக்குள்ளேயே வரும். ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி விளக்கம் இருக்கும். அவளுக்குப் புரியாத எந்த வரியும் வெளியே போகாது.

இன்று காலை முதல் ஐந்து விளக்கங்களை எழுதி அவளுக்கு அனுப்பினேன். என்டிட்டி கல்லிங் என்று இருந்ததை, "சுவருக்குப் பின்னால் உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஆடு மாடுகளை வரையாமல் விடும்" என்று மாற்றியிருந்தேன். அதற்கும் இன்னும் இரண்டுக்கும் டிக் போட்டிருக்கிறாள். மற்ற இரண்டிலும் சிவப்பு மை அப்படியே இருக்கிறது. அவற்றைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.