தாமதமாகச் சொன்னால் பொய்யா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லித் தஞ்சம் கேட்பவர்களைச் சாடி ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதல் நேர்காணலில் வாய் திறக்காதவர்கள், நாடு கடத்தப்போகிறார்கள் என்றதும் இதைச் சொல்வது நாடகம் என்கிறார். பிரித்தானியாவில் தஞ்ச நேர்காணல்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். முதல் தடவை அவர்கள் சொல்லாததற்கு என்னைப் போன்றவர்களும் ஒரு காரணம்.

எதிரே இருக்கும் வெள்ளைக்கார அதிகாரியைவிட, பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுவார்கள். நான் வாயைத் திறந்ததுமே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். இவளுக்கு எங்கள் வீட்டில் யாரைத் தெரியுமோ என்று உள்ளே கணக்கு ஓடும். ஒரு தம்பி திடீரென்று என் பக்கம் திரும்பி, "அக்கா, இது வெளியில போகாதுதானே?" என்று மெதுவாகக் கேட்டார். அறையில் பேசுவது எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. அதையும் அதிகாரியிடம் சொன்னேன். ரகசியம் காக்கப்படும் என்று அவர் உறுதி சொன்னார், சரி. ஆனால் அந்தத் தம்பி அதற்குப் பிறகு ஆம், இல்லை என்பதற்கு மேல் பேசவில்லை.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை; 1995-இல் பெண்களையும் சேர்த்துத் திருத்தப்பட்டு இன்னும் இருக்கின்றன.

முதலிலேயே சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நம்பாமல் விடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2010-இல், ஈரான், கமரூன் நாட்டவர் இருவரின் வழக்கில், ஊருக்குப் போய் மறைத்துக்கொண்டு வாழுங்கள் என்று திருப்பி அனுப்பக்கூடாது என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயந்து மறைத்து வாழச் சொல்லக்கூடாதாம், ஆனால் பயந்து மறைத்தவரைப் பொய்யர் என்று விமானம் ஏற்றலாமாம்!

பொய் சொல்பவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களைக் கண்டுபிடிக்கத்தானே விசாரணை. தொடங்குமுன், மொழிபெயர்ப்பாளர் அறையை விட்டு வெளியே நிற்கும்போது, இவர் உங்களுக்குச் சரியா, வேறு ஆள் வேண்டுமா என்று தொலைபேசியில் இன்னொரு மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்கலாம். பிந்திச் சொன்னதையும் முழுதாக விசாரித்து முடிக்கும்வரை யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பாதே என்கிற 1951 அகதிகள் உடன்படிக்கையில் பிரித்தானியாவும் கையெழுத்திட்டிருக்கிறது.

முன்னாள் மொழிபெயர்ப்பாளர்,
பிரித்தானியா