பெயருக்கு ஒரு கட்டம் போதும்

படிவங்களையும் செயலிகளையும் வடிவமைக்கும் அனைவருக்கும்,

வணக்கம். பெயர் கேட்கும் இடத்தில் நீங்கள் போடும் இரண்டு கட்டங்களைப் பற்றித்தான் இந்த மடல். ஒன்று முதல் பெயர், மற்றது குடும்பப் பெயர். இரண்டின் பக்கத்திலும் சிவப்பு நட்சத்திரக் குறி. ஒன்றைக் காலியாக விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது.

எனக்கு இருப்பது ஒரே பெயர். அதன் முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். இரண்டாவது கட்டத்துக்கு வேறு வழியில்லாமல் அப்பா பெயரை முழுசாக எழுதுகிறேன். அப்புறம் வரும் கடிதங்கள் எல்லாம் அவர் பெயருக்கே வணக்கம் சொல்கின்றன. அவர் இறந்து பல வருடங்கள் ஆயிற்று. ஒரு மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்து எழுந்து போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இது என் ஒருவரின் சங்கடம் இல்லை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் 'தாண்ட்'. 'ஊ' என்பது பர்மிய மொழியில் மாமா, பெரியவர் என்ற பொருளில் வரும் மரியாதைச் சொல். இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்களான சுகர்ணோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயரோடுதான் நாட்டை ஆண்டார்கள்.

பட்டியலை வரிசைப்படுத்தக் குடும்பப் பெயர் வேண்டுமே என்பீர்கள். ஐஸ்லாந்தின் தொலைபேசிப் புத்தகத்தில் ஆட்களை அவரவர் சொந்தப் பெயரை வைத்தே வரிசைப்படுத்தினார்கள். 1980இல் அதிபரான விக்டிஸ் ஃபின்போகதோட்டிரின் இரண்டாம் பெயருக்கு 'ஃபின்போகியின் மகள்' என்று பொருள். அது அவருடைய தந்தை யார் என்று சொல்கிறது, அவ்வளவே. அங்கே எல்லோருக்கும் அவர் விக்டிஸ்தான்.

ஒரு பெயரில் என்னவெல்லாம் பொதிந்திருக்கிறது என்று பாருங்கள். கானாவின் அகான் மக்களிடம் கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண், குவாமே என்றால் சனிக்கிழமை பிறந்தவன். நைஜீரியாவின் யொரூபா மக்கள் இரட்டையரில் முதலில் வெளியே வந்த குழந்தையைத் தாய்வோ என்பார்கள், பின்னால் வந்ததைக் கெஹிண்டே என்பார்கள். ஆனால் மூத்தது கெஹிண்டேதான். வெளியுலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லித் தம்பியையோ தங்கையையோ முன்னால் அனுப்பியதாம் அது!

மங்கோலியாவில் நெர்குய் என்ற பெயர் உண்டு. 'பெயர் இல்லை' என்பது அதன் பொருள். முந்தைய குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர், கெட்ட ஆவிகளின் கண்ணில் இந்தப் பிள்ளையாவது படாமல் இருக்கட்டும் என்று வைக்கும் பெயர் அது. பயமும் பாசமும் கலந்த பெயர்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவருக்கு அமெரிக்க விசா கொடுக்கும்போது, அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடிக்கிறார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் அந்தத் தாளிலேயே இருக்கிறது, ஆனால் தெரியவில்லையாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

சரி, நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் கொடுங்கள். அதன் கீழே 'உங்களை எப்படிக் கூப்பிடலாம்?' என்று கேளுங்கள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள். விடுதலைக்குப் பிந்தைய பர்மாவின் முதல் பிரதமர் பெயர் 'நு'. ஆங்கிலத்தில் எழுதினாலும் இரண்டே எழுத்து. குடும்பப் பெயர் சட்டப்படி தேவைப்படும் இடத்தில், 'எனக்குக் குடும்பப் பெயர் இல்லை' என்று குறிக்க ஒரு சின்னப் பெட்டி வையுங்கள்.

தந்தை பெயர் என்று தனியாக ஒரு கட்டம் இருந்தால், என் அப்பாவின் பெயரை அங்கே சந்தோஷமாக எழுதுவேன்.

இப்படிக்கு,
ஒற்றைப் பெயர் கொண்ட ஒருவர்