பம்பின் தகட்டைப் படித்துவிட்டு விற்றால் என்ன?

குமரி மாவட்டத்தில் டீசல் பம்ப் (வண்டி இன்ஜினுக்கு டீசல் தள்ளுகிற பம்ப்) வேலை பார்க்கிற கடைக்காரர்களுக்கும், பழசைச் சரிசெய்து ரீகண்டிஷன் பம்ப் என்று விற்கிற ஸ்பேர் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு டெம்போக்காரன். குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) ஏற்றிக்கொண்டு வந்து நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தையில் இறக்குவதுதான் பிழைப்பு. வண்டி பழசு. ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகிற காமன் ரெயில் வருவதற்கு முந்தைய ரகம், ஒரே பம்ப் சுழன்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கு வைக்கிற ரோட்டரி பம்ப் போட்டது. யார் கடை, எந்த ஊர் என்று இந்த மடலில் சொல்லப் போவதில்லை. எனக்கு நடந்தது ஒரே கடையில் என்றாலும், பேசிப் பார்த்த டெம்போக்காரர்கள் பாதிப் பேர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் வந்த கோளாறு இதுதான். விடியற்காலை குளிரில் ஒரே சுற்றில் பிடிக்கிற வண்டி, சந்தையில் குலை இறக்கி முடித்துச் சாவியைத் திருப்பினால் பிடிக்காது. ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சாக்குத் துண்டை நனைத்து பம்பின் மேல் போட்டுவிட்டு, போய் ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால் சமத்தாகப் பிடித்துவிடும். பம்பின் ஹெட், அதாவது டீசலை அழுத்தித் தள்ளுகிற பாகம், தேய்ந்திருந்தால் இப்படித்தான். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், ஹெட்டுக்குள் ஓடுகிற தேய்ந்த பிளஞ்சர் தண்டின் இடுக்கு வழியாகக் கசிந்துவிடும், ஸ்டார்ட்டர் சுற்றுகிற வேகத்துக்கு, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைத் திறக்கிற அளவு பிரஷர் எழும்பாது. (வாளித் தண்ணீரை அப்படியே கொதிக்கிற பம்பின் தலையில் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே எல்லாம் மயிரிழை இடைவெளியில் ஓடுகிற சாமான், இறுகிப் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான்.) அதனால் பம்ப் போச்சு என்று அந்தக் கடையில் சொன்னபோது நான் மறுக்கவில்லை. அதுவரை அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அப்புறம்தான் சங்கடம். என் பம்பையே பிரித்து ஹெட் மாற்றித் தர நாலு நாள் ஆகும், எக்ஸ்சேஞ்சில் ரீகண்டிஷன் பம்ப் இருக்கிறது, இப்போதே மாட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். சீசன் நேரம், நாலு நாள் ஓட்டத்தை விட மனசு வரவில்லை. வண்டிக்கு இது சரியாக வருமா என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, போல்ட் உக்காந்தாப் போதும்" என்று பதில் வந்தது. போல்ட் உட்காரத்தான் செய்தது. ஆனால் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது மூன்றாவது கியரில் இழுக்கிற வண்டி இரண்டாவதில் முக்கியது. திரும்பக் கொண்டுபோனதும், டீசல் அளவைக் கூட்டுகிற ஃபுல் லோடு ஸ்க்ரூவை உள்ளே திருகி விட்டார்கள். இழுவை கொஞ்சம் வந்தது, கூடவே கரும்புகையும் வந்தது, ஐட்லிங்கும் ஏறிப்போனது. மறுபடி போனால் நாசில் மேல் பழி, அதற்கடுத்த முறை டீசல் மேல் பழி.

கடைசியில் உண்மையைச் சொன்னது பம்பின் பக்கவாட்டில் ஆணியடித்திருக்கிற சின்னத் தகடு. பழைய பம்பைக் கழற்றுமுன் ஏதோ நல்ல புத்தியில் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் வி.ஈ. 4/11 எஃப் 1900 ஆர் என்று இருந்தது. மாட்டித் தந்ததில் 4/10 எஃப் 2100 ஆர். இதைப் படிக்கத் தெரியாத பம்ப் மெக்கானிக் இருக்க முடியாது, ஆனாலும் மற்ற டெம்போக்காரர்களுக்காகச் சொல்கிறேன். வி.ஈ. என்பது இந்த ரோட்டரி பம்ப் ரகத்தின் பெயர். 4 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. 11 என்பது பிளஞ்சரின் விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் மெக்கானிக்கல் கவர்னர், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சாமான். 1900 பம்பு சுற்றுகிற வேகம், இன்ஜின் அதற்கு இரண்டு மடங்கு சுற்றும், அதாவது 3800. ஆர் என்றால் வலப்பக்கச் சுற்று, எல் என்றால் இடப்பக்கம். அதற்குப் பின்னால் வருகிற எண்ணும், தனியாக இருக்கிற பத்து இலக்க நம்பரும் சேர்ந்துதான் இது எந்த இன்ஜினுக்கு அமைத்த பம்ப் என்று காட்டிக்கொடுக்கும். ஆக எனக்குக் கிடைத்தது பிளஞ்சர் சிறியது, கவர்னர் வேறு வேகத்துக்கு அமைத்தது. அதை ஸ்க்ரூ திருகிச் சரிக்கட்டப் பார்த்தால் புகை வராமல் என்ன வரும்?

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ விஷயமும் இதே மாதிரிதான். டர்போ வண்டிப் பம்பின் தலையில் காற்றழுத்தத்துக்குத் தக்கபடி டீசலைக் கூட்டுகிற டயாப்ரம் இருக்கும். அது இல்லாத பம்பை டர்போ வண்டியில் மாட்டினால் ஒன்று இழுவை இருக்காது, இல்லாவிட்டால் புகை தள்ளும். வெளியே பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி போல இருப்பதுதான் வினை.

மைக்கோ என்ற கம்பெனிப் பெயர் 2008-லேயே போஷ் என்று மாறிவிட்டது, நாம் இன்னும் கடையில் மைக்கோ பம்ப் என்றுதான் கேட்கிறோம். அந்தப் பெயர் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்து, உள்ளே எந்தக் கம்பெனி ஹெட் போட்டது என்று சொல்லாமல் விற்காதீர்கள். டூப்ளிகேட் போட்டால் டூப்ளிகேட் என்றே சொல்லுங்கள், விலை பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பம்பைக் கழற்றியதும் தகட்டு நம்பரை எங்கள் கண் முன்னால் படித்து பில்லில் எழுதுங்கள். சோதித்துப் பார்க்கிற டெஸ்ட் பெஞ்சில் பம்பை ஏற்றும்போது எங்களையும் நிற்க விடுங்கள். அந்த நம்பருக்கான டெஸ்ட் ஷீட்டில் ஐட்லிங், ஃபுல் லோடு, ஸ்டார்ட்டிங் மூன்றுக்கும் எத்தனை சி.சி. என்று இருக்கிறதோ, நாலு லைனிலும் அது வருகிறதா என்று கண்ணாடிக் குழாய்களைப் பார்த்தால் எண்ணெய் ஏறி நிற்பது எங்களுக்கே தெரியும், அந்த ரீடிங்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தால் போதும். மாட்டும்போது டைமிங்கை, அதாவது டீசல் பாய்கிற நேரத்தை, டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டே டைமிங் வைக்கிற பழைய ஆசான்மாரை எனக்கும் பிடிக்கும், அவர்களே கேஜ் இருந்தால் எடுத்துத்தான் வைப்பார்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டரி பம்புக்கு இன்ஜின் ஆயில் போகாது, அதில் ஓடுகிற டீசலேதான் அதற்கு எண்ணெய். டேங்க் மூடி லூசாக இருந்து, நம்ம ஊரில் இரண்டு பருவத்திலும் அடிக்கிற மழைத் தண்ணீர் உள்ளே போனாலோ, யாராவது மலிவாகத் தருகிறார்கள் என்று மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினாலோ எந்தப் பம்பும் தாக்குப்பிடிக்காது. தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று மீன் ஏற்றுகிற வண்டிகளுக்கு உப்புத் தண்ணீர் வேறு. அதனால் புதுப் பம்ப் மாட்டுமுன் டேங்கை இறக்கிக் கழுவு, ஃபில்டரை மாற்று என்று எங்களைக் கட்டாயப்படுத்துங்கள், முணுமுணுத்தாலும் விடாதீர்கள். காமன் ரெயில் வண்டியில் இது இன்னும் முக்கியம். அங்கே பம்ப் அரைத்துத் தள்ளுகிற இரும்புத் தூள் ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்குள்ளும் போயிருக்கும், பம்பை மட்டும் மாற்றினால் புதுசும் சீக்கிரம் போய்விடும்.

எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்த என் பழைய பம்ப் நல்லவேளையாக இன்னும் விற்கப்படவில்லை. பேசி வாங்கி வந்துவிட்டேன். பாடியில் விரிசல் இல்லை, ஷாஃப்டில் ஆட்டம் இல்லை, ஹெட் மட்டும்தான் மாற்ற வேண்டும். சாக்கில் சுற்றி டெம்போவின் கிளீனர் சீட்டுக்கடியில் வைத்திருக்கிறேன். தகட்டைப் படித்து, பெஞ்சில் என் முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன் என்று உங்களில் யார் சொன்னாலும், ஆரல்வாய்மொழியோ களியக்காவிளையோ, நாலு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஏத்தங்குலை ஏற்றுகிற ஒரு டெம்போக்காரன்