இலையை விட்டுவிட்டுத் தொட்டியைத் தூக்கிப் பார்

அன்பு மகளுக்கு,

அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நீ வளர்க்கும் தொட்டிச் செடிகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு மிளகாய்ச் செடியிலும் அடி இலைகள் மஞ்சளித்துத் தொங்குகின்றன. தக்காளி இலைகள் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றன. தொட்டியின் மேல் மண் கருத்து, ஈரத்தில் மினுங்குகிறது. உரம் எதுவும் இப்போது வாங்காதே அம்மா. ஒரு செடி வாடினால் ஒரே நாளில் மூன்று வைத்தியம் பார்க்கிற வேகம் உனக்கு உண்டு. அதனால்தான் முதல் வரியிலேயே இதைச் சொல்கிறேன்.

தண்ணீர் விட விட வாடுகிறது என்று எழுதியிருந்தாய். அது தாகத்தால் வாடவில்லை, மூச்சு முட்டி வாடுகிறது. வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் அதை எடுத்துக்கொள்கிறது. அந்த இடுக்குகளைத் தண்ணீர் அடைத்துவிட்டால் கதை முடிந்தது. காற்றில் பரவுவதைவிட ஆக்ஸிஜன் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறைய ஈரம் இருக்கும், மேலே செடி வறட்சியில் நிற்பதுபோலத் துவளும். அதைப் பார்த்து நீ மறுபடியும் ஊற்றுவாய்.

வறண்டு வாடுவதையும் நனைந்து வாடுவதையும் இலையைப் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்த பிறகு ஒருமுறை தூக்கி, அந்த எடையைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் தினமும் தூக்கு. பாதியாகக் குறைந்ததுபோல லேசாகத் தோன்றும்போது, விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார். அங்கேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1720களில் ஒரு சூரியகாந்தித் தொட்டியின் மேல்வாயை மூடி, காலையும் மாலையும் எடை போட்டு, செடி இலை வழியாக எவ்வளவு தண்ணீரை வெளியே விடுகிறது என்று கணக்கெடுத்தார். உனக்குத் தராசு தேவையில்லை, கை போதும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குவளை என்று நாள் குறித்து ஊற்றுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடு. விளக்கு, சூடு, செடியின் வளர்த்தி எல்லாம் மாற மாற அதன் குடியும் மாறும்.

ஊற்றும் நாளில் கஞ்சத்தனம் வேண்டாம். மெதுவாக, மண் முழுக்க நனையும்படி, அடித்துளை வழியாகக் கொஞ்சம் வடியும்வரை ஊற்று. தட்டில் நிற்கும் தண்ணீரை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடு. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளித்தால் மேல் மண் சேறாகவும் அடி மண் வறண்டும் கிடக்கும், உப்பும் வெளியே போகாமல் தங்கிவிடும். விளக்கைப் போடும் நேரத்தில் ஊற்றுவது நல்லது, அணைக்கும் நேரத்தில் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி மண். தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பியிருக்கிறாய் என்று நினைக்கிறேன், படத்தில் மேல்பரப்பு பாளமாக இறுகியிருக்கிறது. தரையில் அதே மண் நன்றாக இருக்கும். அங்கே மண்புழு உண்டு, கீழே இழுத்துக்கொள்ள ஆழம் உண்டு. தொட்டிக்குள் அது அமுங்கிக் கல்லாகிவிடும். கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகள் ஒரு பங்கு எடுத்துக் கலந்துகொள். கோகோபீட்டை ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். தேங்காய் நாரில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருக்கும், அவை கால்சியத்தோடு போட்டி போடும்.

அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பலரும் சொல்வார்கள். நீயும் பரப்பியிருக்கிறாய். அது உதவாது, கெடுதலே செய்யும். மெல்லிய துகளுள்ள மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க ஊறிய பிறகே சொட்டும். எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு பட்டை மண் எப்போதும் ஊறியே இருக்கும். கல்லைப் போட்டால் அந்த ஊறிய பட்டை இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில் ஏறி உட்காரும். கல்லை எடுத்துவிட்டு மண்ணையே அடிவரை நிரப்பு. சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைப்பதும் இதே வகைத் தொந்தரவுதான். வேர் எட்டாத மண்ணில் ஈரம் வாரக்கணக்கில் தேங்கும்.

மாற்றி நடும்போது வேரைப் பார்த்துவிடு. வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ விறைப்பாக இருந்தால் பயமில்லை. பழுப்பாகி, வழவழத்து, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தால் அழுகல். அந்த வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுச் சின்னத் தொட்டியில் நடு. இரண்டு வாரத்துக்கு உரம் கூடாது.

மண்ணைத் தட்டினால் எழும்பும் குட்டிக் கருப்பு ஈக்களும் இந்த ஈரத்தின் பிள்ளைகள்தான். முட்டையிடுவதும் புழு வளர்வதும் மேல் ஓரிரு அங்குல ஈர மண்ணில். மேல் மண் காய்ந்து காய்ந்து நனைந்தால் பெரும்பாலானவை குறைந்துவிடும். மஞ்சள் ஒட்டும் அட்டை பறப்பதைப் பிடிக்கும், புழுவைப் பிடிக்காது. அடங்கவில்லை என்றால் கொசுப் புழுவுக்குப் போடும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். 1976-ல் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்தது அது. செடிக்கும் உனக்கும் தீங்கில்லை.

காற்றைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, சின்ன அறைக்குள் விளக்கைத் தொங்கவிட்டிருக்கிறாய். பகலில் 25 டிகிரியும் ஈரப்பதம் 60 சதவீதமும் இருக்கிறது என்று வைத்துக்கொள். விளக்கை அணைத்த பிறகு அறை 17 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஈரப்பதம் ஏறக்குறைய 100-ஐத் தொட்டு, இலையில் பனி படியும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நீ கூடுதலாக விடவில்லை, இருந்தும் இலை நனைந்துவிடுகிறது. சாம்பல் பூசணம் காத்திருப்பது இந்த ஈரத்துக்குத்தான். இரவு நெருங்கும்போது தண்ணீர் விட வேண்டாம் என்றது இதனால்தான்.

காற்று நகராவிட்டால் இன்னொரு கேடும் உண்டு. இலையை ஒட்டி ஈரக் காற்று ஒரு படலமாக நின்றுவிடும், இலையால் ஆவி விட முடியாது. ஆவி போகாவிட்டால் வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது குறையும். அந்தத் தண்ணீரோடு போக வேண்டிய கால்சியமும் குருத்துக்கும் காய்க்கும் போய்ச் சேராது. தக்காளிக் காயின் அடி கருத்து அழுகுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், மண்ணில் கால்சியம் நிறைய இருந்தாலும்.

சின்ன மின்விசிறி ஒன்றைச் செடிக்கு மேலே, சுவரைப் பார்த்து வை. இலை மெல்ல அசைந்தால் போதும். நேராக முகத்தில் அடித்தால் விளிம்பு காய்ந்து சுருளும், உன் தக்காளிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம், விளக்கின் சூடும் இருக்கலாம். விளக்குக்கும் நுனிக்கும் நடுவே உள்ளங்கையை வைத்துப் பார், சூடு உறைத்தால் விளக்கை உயர்த்து. விசிறி மட்டும் இருந்தால் உள்ளே உள்ள காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். சூடான ஈரக் காற்று மேலே போகும், ஆகவே மேலே காற்றை வெளியே தள்ளும் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, கீழே புதுக் காற்று நுழைய ஓர் இடைவெளி, அவ்வளவுதான் தேவை. அசையும் காற்றில் தண்டும் தடித்து வலுவாகும்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. அடி இலை முழுக்க மஞ்சளித்தால் நைட்ரஜன் குறைவு, அல்லது உன் வீட்டில் உள்ளதுபோல வேர் வேலை செய்யாமை. அடி இலையில் நரம்பு பச்சையாக, நடுவே மஞ்சளாக இருந்தால் மக்னீசியம். அதே மாதிரி குருத்தில் தெரிந்தால் இரும்பு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், கடினத் தண்ணீரால் பி.எச்., அதாவது மண்ணின் அமில-காரத் தன்மையின் அளவு, ஏறிப்போய்ச் செடியால் எடுக்க முடியாமல் கிடக்கும். அளந்து பார்க்காமல் எதையும் ஊற்றாதே.

இந்த வாரம் ஒரு மிளகாய்ச் செடியை மட்டும் புது மண்ணுக்கு மாற்று. மற்றதை அப்படியே விட்டு, காய விடு, விசிறியை வை. எல்லாவற்றையும் சேர்ந்து மாற்றினால் எது பலித்தது என்று உனக்கே தெரியாமல் போகும். மஞ்சளித்த இலைகள் திரும்பப் பச்சையாகாது, அவற்றைப் பார்த்து மனம் உடையாதே. புதிதாக வரும் குருத்தின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். பத்து நாள் கழித்து இரண்டு செடியின் குருத்தையும், எடுக்க முடிந்தால் வேரையும், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. அந்த ஊதா விளக்கில் எடுத்தால் எனக்கு எதுவும் தெரிவதில்லை.

அன்புடன்,
அப்பா