வானிலைக் கண்காணிப்புத் தன்னார்வலர் சங்கம், காரைக்குடி வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அவையிலுள்ள பெரியோர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. மாணவர்களுக்கான மின்னல் பாதுகாப்பு வகுப்புகள் கானாடுகாத்தானிலும் புதுவயலிலும் நடந்தன.

நம் ஊர்களில் வைத்த மழைமானிகளைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். காரைக்கால் வானிலை ரேடாரின் கதிர் நம் வட்டாரத்துக்கு வருவதற்குள் தரையை விட்டு வெகுவாக உயர்ந்துவிடுகிறது. மேகத்துக்குள் இருப்பதை அது காட்டும். கோட்டையூரில் ஆலங்கட்டி விழுந்ததா, தேவகோட்டைச் சாலையில் மரம் சாய்ந்ததா என்பதைத் தரையில் நிற்கிறவர்தான் சொல்ல முடியும். அமெரிக்காவில் ‘ஸ்கைவார்ன்’ தன்னார்வலர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதைச் செய்து வருகிறார்கள். அங்கே ‘டொர்னாடோ’ எனப்படும் சூறாவளிச் சுழல். நமக்குக் கோடை இடிமழையும் கார்த்திகைப் புயலும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

மானியை வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்திலேயே வைக்கலாம் என்று சிலர் வற்புறுத்தினர். நான் இணங்கவில்லை. நாற்புற ஓட்டுச் சரிவின் நீரும் முற்றத்தில் வந்து விழும். அது மழையளவு ஆகாது. சுவரின் உயரத்தைப்போல் இருமடங்காவது தள்ளி, திறந்தவெளியில் வைக்க வேண்டும். தோட்டங்களிலும் ஊருணிக்கரைகளிலும் அப்படியே வைத்தோம். இதனால் சிலருக்கு என்மீது வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த முடிவு சரியானதே.

காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். ஒரு நாள் மழை 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை, 115.6-ஐ எட்டினால் மிகக் கனமழை. ‘பேய்மழை பெய்தது’ என்று மட்டும் எழுதினால் அதை எங்கும் பதிய இயலாது. இடம், நேரம், அளவு மூன்றும் வேண்டும்.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் வரும்போது மானியைப் படம் எடுக்கிறார்கள். பிறகு வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள். சித்திரையில் இடிமழை அடித்த மாலை, பொறுப்பேற்ற ஊர்கள் பலவற்றிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. பூட்டிய வீடொன்றின் காவல்காரர்தான் ஆலங்கட்டி நெல்லிக்காய் அளவு இருந்தது என்று நேரத்தோடு சொன்னார். அதையே மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குத் தெரிவித்தோம். அவர் நம் உறுப்பினர் அல்லர். இது எனக்கு மிகுந்த வேதனை.

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துள்ளன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. மானி வாங்கிய வகையில் சிறு தொகை பாக்கி. சந்தா நிலுவை வந்துவிட்டால் அது தீர்ந்துவிடும்.

இடம் தந்த பள்ளி நிர்வாகங்களுக்கும் தலைவர், பொருளாளருக்கும் நன்றி.

என்னைத் தொடரச் சொல்கிறார்கள். தொடர விருப்பம்தான், ஆனால் அளப்பவர் இல்லாத மானிகளுக்கு ஒருவரே பொறுப்பேற்க இயலாது. வெளியூர் அன்பர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் அளக்கும் வேலையை ஒப்படைத்து, அதற்கென மாதம் ஒரு தொகையும் கொடுத்தால் போதும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதால், அவர் பெயரையும் சந்தா பாக்கியையும் புரட்டாசிக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்